நசுங்கிய தீப்பெட்டிகள்

1994 நவம்பரில் எனக்கு 18 வயது முடிந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கு, டிரைவிங் ஸ்கூலைத் திறக்கும் முன்பே வாசலில் போய் நின்றுவிட்டேன். அவசரத்துக்குக் காரணம் அக்கா கல்யாணம். தை மாதக் கடைசியில் முகூர்த்தம். மாமா அப்போதுதான் வெள்ளை நிற மாருதி 800 ஒன்று வாங்கியிருந்தார். "லைசென்ஸ மட்டும் எடுத்திரு மாப்ளே, பொண்ணு காரு நீதான் ஓட்டுற" என்று ஒரு பேச்சுக்குச் சொன்னார். நான் அதைக் கோவில்பட்டி முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் கழித்துத்தான் டெஸ்டுக்குப் போக முடியும். மோட்டார் வாகனச் சட்டம் அப்படி. எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும் என்பதோ, அவ்வளவு நாளும் நிதானமாகக் கற்றுக்கொள்ளலாம் என்பதோ எனக்குத் தேவைப்படவில்லை. 31-ஆம் நாள் லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எல்.எல்.ஆர். சுலபமாகக் கிடைத்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் சுவரில் மாட்டியிருந்த படங்களைக் குச்சியால் தொட்டுக் கேட்டார். வட்டத்துக்குள் இருந்தால் கட்டளை, முக்கோணத்துக்குள் இருந்தால் எச்சரிக்கை என்று முதல் நாள் ராத்திரியே உருப்போட்டு வைத்திருந்தேன். டிரைவிங் ஸ்கூலின் பழைய அம்பாசடரில் முன்னும் பின்னும் எல் போர்டு, வெள்ளையில் சிவப்பு எழுத்து. ஸ்டியரிங்குக்குக் கீழே கை கியர். மாஸ்டர் காலடியில் அவருக்கென்று தனியாக ஒரு கிளட்ச், ஒரு பிரேக். முதல் மூன்று நாள் வண்டியை நான் ஓட்டியதாக நினைத்தேன். அவர்தான் ஓட்டியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

நாலாம் நாள் ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கிப்போய்ப் பின் டயருக்கு ஒட்டினாற்போல ஒரு தீப்பெட்டியை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "பெட்டி நசுங்காம வண்டிய மேல எடு." ஹேண்ட் பிரேக் தொடக்கூடாது. கிளட்சைப் பாதி விட்டு, இன்ஜின் லேசாக முனகும் இடத்தில் காலை நிறுத்தி, அந்த நொடியில் பிரேக்கிலிருந்து ஆக்சிலேட்டருக்கு மாற வேண்டும். முதல் தடவை வண்டி ஆஃப் ஆகிப் பின்னால் உருண்டது. மாஸ்டர் இறங்கிப்போய், தட்டையாகிப் போன பெட்டியை எடுத்து வந்து டேஷ்போர்டில் வைத்தார். எதுவும் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து அடுத்ததை எடுத்தார். தீப்பெட்டி செய்தே பிழைக்கிற ஊர், பெட்டிக்கா பஞ்சம்? அன்றைக்கு மட்டும் ஏழு பெட்டி நசுங்கியது. எட்டாவது பிழைத்தது. இன்றைக்கும் மேட்டில் சிக்னலுக்கு நிற்கும்போதெல்லாம் என் வண்டிக்குப் பின்னால் ஒரு தீப்பெட்டி இருக்கிறது.

அப்பா லாரி டிரைவர். தீப்பெட்டி பண்டல் ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் வீடு திரும்ப இருபது நாளாவது ஆகும். டிசம்பரில் ஒரு நடை முடித்து வந்தவரிடம், 8 போடாமலே லைசென்ஸ் வாங்கித் தருவதாக ஒரு புரோக்கர் சொன்னதைப் பெருமையாகச் சொன்னேன். சாப்பிட்டுக் கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. "அந்த லைசென்ஸு போலீசுகிட்டச் செல்லும். எதுக்க வர்ற லாரிகிட்டச் செல்லாதுடா" என்றார்.

ஆகவே 8 போட்டேன். 31-ஆம் நாள், இரவல் வாங்கிய டிவிஎஸ் சுசுகியில். முதல் வட்டம் நன்றாகத்தான் போனது. இரண்டு வட்டமும் சேரும் இடுப்பில் திரும்பும்போது, எங்கே கோட்டை மிதித்துவிடுவோமோ என்று முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்தேன். கால் தானாகத் தரையில் ஊன்றிவிட்டது. இன்ஸ்பெக்டர் பேனாவை அசைத்தார், "அடுத்த ஆளு."

மறு டெஸ்டுக்கு ஏழு நாள் பொறுக்க வேண்டும். அந்த ஏழு நாளில் ஒருநாள் சாயங்காலம் அப்பா மைதானத்துக்கு வந்தார். நான் இரண்டு சுற்றுச் சுற்றியதைப் பார்த்துவிட்டு, "சக்கரத்த எதுக்குப் பாக்க? அது எங்கயும் ஓடிப் போயிராது. போக வேண்டிய எடத்தப் பாரு. கண்ணு போற பக்கம் வண்டி போகும்" என்றார். தலையைத் தூக்கினேன். வண்டி தானே வளைந்து போனது. அடுத்த வாரம் 8 கோணாமல் விழுந்தது, காரையும் ஓட்டிக் காட்டினேன். ஆண்டு முடிவதற்குள் லைசென்ஸ் என் கைக்கு வந்துவிட்டது.

பொங்கல் கழிந்த ஒரு மத்தியானம், பத்திரிகை வைக்க வேண்டிய ஊர் ஒன்று பாக்கி இருக்கிறதென்று மாமாவிடம் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். எட்டயபுரம் ரோட்டிலிருந்து பிரிகிற கிராமச் சாலை. தை மாதம் எங்கள் கரிசல் காட்டில் உளுந்து அறுப்பு. களத்துக்குப் போகாமல் தார் ரோட்டிலேயே செடியைப் பரப்பிவிடுவார்கள், போகிற வருகிற வண்டிகள் ஏறி மிதித்து மணியைப் பிரித்துக் கொடுத்துவிடும். சின்ன வயதிலிருந்து பார்த்த காட்சிதான். அதனால்தானோ என்னவோ, அன்றைக்கும் அதை வெறும் காட்சியாகவே பார்த்தேன். செடி மேல் ஏறிய பிறகுதான் அந்தப் பக்கம் முறமும் கையுமாக ஒரு கிழவி நிற்பது தெரிந்தது. பிரேக்கை ஓங்கி மிதித்தேன்.

காய்ந்த உளுந்து மணி தார் ரோட்டில் கோலிக்குண்டு மாதிரி. டயர் சுற்றாமல் நின்றது, கார் நிற்கவில்லை. நான் பழகிய அம்பாசடரின் கனத்தில் ஏறக்குறைய பாதிதான் மாருதி. அப்படியே பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போய், ரோட்டோரப் பள்ளத்தில் மூக்கை நுழைத்து, ஒரு வேலிக்கருவையில் சாய்ந்து நின்றது. கிழவிக்கு மூணடி தள்ளி. அவள் பதறவில்லை. சிதறின செடியை முறத்தால் ஒதுக்கிக்கொண்டே, "ஏய்யா, செடி கெடக்குன்னா ஆளும் நிக்கும்னு தெரியாதா?" என்றாள். நாலு பேர் சேர்ந்து காரைத் தூக்கி மேலே வைத்தார்கள். பம்பர் வளைந்து, முன்விளக்கு ஒன்று போய்விட்டது. ஆளுக்குச் சேதமில்லை.

கிழவி கேட்ட கேள்வி எந்த டெஸ்டிலும் இல்லை. அப்பா அன்றைக்கு ஊரில் இருந்தார். திட்டவில்லை. மறுநாள் காலையில் அதே காரில் அதே ரோட்டுக்குக் கூட்டிப்போய், செடி பரப்பிய இடத்துக்கு வெகுதூரம் முன்பே வேகத்தைக் குறைக்கச் சொன்னார். இரண்டாம் கியர், காலைப் பிரேக்கில் வைக்காதே, ஸ்டியரிங்கை ஒடிக்காதே. ஊர்ந்து கடந்தோம். திரும்பி வரும் வழியில் தானாகவே பேசினார். "முன்னால போற வண்டிய மட்டும் பாக்காத, அதுக்கு முன்னால போறதப் பாரு. ஒரு ஆடு தாண்டுச்சுன்னா நின்னுரு, மந்தையே தாண்டும். பஸ்ஸு நின்னா அதுக்கு மறைவுல ஒரு ஆளு எறங்கி ஓடி வருவான்." இருபத்தைந்து வருட லாரி ஓட்டத்தில் அவர் சேர்த்து வைத்தது இவ்வளவுதான். கை, கால் வேலை ஒன்றுகூட அதில் இல்லை. எல்லாம் கண் வேலை. கையும் காலும் ஒரு மாதத்தில் பழகிவிடுகின்றன; லைசென்ஸ் அவற்றுக்குத் தருவது. கண் பழக யாருக்கும் அவ்வளவு சீக்கிரம் ஆவதில்லை.

அக்கா கல்யாணத்தன்று லைசென்ஸ் என் சட்டைப் பையில் இருந்தது, சாவி மாமா கையில் இருந்தது. அவர் நீட்டத்தான் செய்தார். நான்தான் வாங்கவில்லை.

போன மாதம் என் மகளுக்கு 18 முடிந்தது. இப்போது எல்.எல்.ஆருக்கு யாரும் குச்சியால் படத்தைத் தொட்டுக் கேட்பதில்லை. ஆதார் இருந்தால் வீட்டில் உட்கார்ந்தபடியே கணினியில் எழுதிவிடலாம். எழுதி முடித்த கையோடு அவள் கேட்டாள், "அப்பா, லைசென்ஸ் எத்தனை நாள்ல வரும்?" எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் 18 வரை பொறுத்தாளே, அதுவே பெரிது. எங்கள் தெருவில் பத்தாம் வகுப்புப் பையன்கள் அப்பாவின் வண்டியில் மூன்று பேராகப் போகிறார்கள். நாங்களும் ஒளித்து மறைத்து ஓட்டியவர்கள்தான், இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் 2019-இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். சிறுவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், தனக்குத் தெரியாமலோ தான் தடுத்தும் கேட்காமலோ நடந்தது என்று நிரூபிக்காதவரை, பெற்றவருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. இரண்டு வருடம் முந்தப் போய் ஏழு வருடம் பிந்துகிற கணக்கு இது.

பிள்ளை கையில் எல்.எல்.ஆர். வைத்திருக்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். அந்த 30 நாளைக் காத்திருக்கும் நாளாக்கிவிடாதீர்கள். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் கையையும் காலையும் பார்த்துக்கொள்வார். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் படித்துக் காட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் அந்த மேட்டுக்குப் போனோம். மாஸ்டரும் இல்லை, அம்பாசடரும் இல்லை. இதுவரை பதினொரு தீப்பெட்டி நசுங்கியிருக்கிறது.