அந்தத் தோணியை ஓட்டியது யார்?

1977இல் வந்த ஸ்டார் வோர்ஸ் படத்தில் கடத்தல்காரர் கூடும் துறைமுகம் ஒன்று வரும். வேற்றுக்கிரகவாசிகள் நிறையப் பேர் ஒரு நொடி தோன்றி மறைவார்கள். பெயர்கூடச் சொல்ல மாட்டார்கள்.

அதைப் பற்றித் தரம் 9இல் கதைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், எங்க தாத்தாவ கள்ளத்தோணின்னு ஏசுவாங்களாம். அந்தத் தோணிய ஓட்டினது யாரு?"

நல்ல கேள்வி.

கோப்பிக் காலத்தில் இராமநாதபுரக் கரையிலிருந்து பாய்த்தோணிகளில்தான் சனங்கள் மன்னாருக்கு வந்தார்கள். பிறகு காட்டு வழியாக மாத்தளைக்கு நடை. கொலராவில் செத்தவர்கள் ஏராளம். 1914இல் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கியது. தோட்டத்துக்கு ஆள் தேவை, கங்காணி கூட்டிவந்தார். இதில் எங்கே கள்ளம்?

1948 பிரஜாவுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. களவாக வந்த சிலருக்கான 'கள்ளத்தோணி', தலைமுறையாக இங்கே கொழுந்து பறித்தவர்களுக்கும் வசையானது.

ஏச்சில் தோணி இருக்கிறது, தோணிக்காரர் இல்லை. அவரும் கூலிக்குத் துடுப்புப் போட்டவர்தான்.

உடப்புசல்லாவைப் பக்கம் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எந்த ஊர், எந்தக் கரை என்று சொல்லியிருந்தால் கீழே எழுதுங்கள். வகுப்பில் வாசித்துக் காட்டுவேன்.