பென்சிலில் வந்த அப்பத்தா

அப்பத்தா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. மாட்டி வைக்க நல்ல போட்டோ ஒன்றுகூட இல்லை. வாக்காளர் அட்டையில் இருந்ததை ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிசு பண்ணினோம். சுருக்கத்தை எல்லாம் வழித்து, கன்னத்தில் ரோஸ் கலர் பூசிக் கொடுத்தார்கள். அப்பா ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "இது யாருடா?" என்றார்.

அப்போதுதான் பென்சிலை எடுத்தேன். (ஏழாம் வகுப்பில் நான் ரஜினியை வரைந்து அது எதிர்வீட்டு மாமாவாக வந்த கதை தெரிந்தவர்கள் தயவுசெய்து சிரிக்க வேண்டாம்!)

முதல் படம் படுதோல்வி. ஒவ்வொரு சுருக்கத்தையும் 6பி பென்சிலில் அழுத்திக் கோடாகப் போட்டேன். வந்தது அப்பத்தா இல்லை, ரோடு மேப். அதுவும் கோபமான ரோடு மேப்!

பிறகு இணையத்தில் ஆங்ர் என்ற பிரெஞ்சு ஓவியரின் படங்களைப் பார்த்தேன். 1815-ல் நெப்போலியன் வீழ்ந்த பிறகு ரோமில் வருமானம் இல்லாமல், சுற்றுலா வந்தவர்களைப் பென்சிலில் வரைந்து பிழைத்தவர். அந்த வேலையை அவரே மட்டமாகத்தான் நினைத்தாராம். 1819-ல் அவர் வரைந்த வயலின் மேதை பகானினியின் படம் இன்று புகழ்பெற்ற ஒன்று. அவருடைய பல படங்களில் முகத்துக்கு மட்டும்தான் நுணுக்கமான நிழல். சட்டை, கை எல்லாம் சும்மா நாலு கோடு. ஆனாலும் ஆள் உயிரோடு உட்கார்ந்திருக்கிறார்.

அதைப் பார்த்துத்தான் புரிந்தது: சுருக்கம் கோடு இல்லை. ஒரு மேடு, பக்கத்தில் ஒரு நிழல், அவ்வளவுதான். கிராஃபைட் அடுக்கடுக்கான கார்பன். லேசாகத் தேய்த்தாலே ஒரு அடுக்கு வழுக்கிக் காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும். அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தால் ஒரே பென்சிலில் எத்தனையோ சாம்பல் நிறம். கண்ணின் வெள்ளைகூட முழு வெள்ளை இல்லை. அதையும் லேசாக நிழலாக்கிவிட்டு, ரப்பர் முனையால் ஒரு புள்ளி எடுத்தேன். அப்பத்தா சட்டென்று பார்த்தாள்!

புடவைக்கு நாலு கோடு. தண்டட்டி போட்டு வடிந்த காதுக்கு மட்டும் ஒரு முழு ராத்திரி.

காலையில் அப்பாவிடம் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. கட்டைவிரலால் அந்தக் காதைத் தடவினார். கிராஃபைட் இழுவிவிட்டது. "ஐயோ, கெடுத்துட்டேனா?" என்று பதறினார்.

ரப்பர் எடுத்தால் ஒரு நிமிஷ வேலைதான். நான் சரி செய்யவில்லை. அப்படியேதான் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறோம்.