கடுகு டப்பாவுக்குப் பின்னால் மூன்று அட்டை

“அத்தை, போன மாசத்து மாத்திரை அட்டையை எடுத்துட்டு வாங்க, பார்ப்போம்.”

பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராமம். திண்ணையில் உட்கார்ந்து கேட்டவர் அடுத்த தெருப் பெண். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் தன்னார்வலர். 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. சுகர், பிரஷர் மாத்திரைகள் இப்போது வீட்டு வாசலுக்கே வந்துவிடுகின்றன. வந்த மாத்திரை வயிற்றுக்குள் போகிறதா என்பதுதான் அடுத்த கேள்வி.

உள்ளே போன அந்த அம்மா வெறுங்கையோடு திரும்பினார். “எல்லாம் போட்டுட்டேன் கண்ணு. அட்டையைக் குப்பையில வீசிட்டேன்.”

பொய். சமையல்கட்டு அலமாரியில், கடுகு டப்பாவுக்குப் பின்னால் மூன்று அட்டைகள் இருந்தன. ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படவில்லை.

விரலில் குத்திப் பார்த்தபோது மெஷின் 312 காட்டியது.

அவருக்கு வயது 52. ராத்திரியில் நாலைந்து முறை எழுந்து போவதும், காலில் பட்ட சின்னக் காயம் ஒரு மாதமாக ஆறாததும் சேர்ந்துதான் அவரை ரத்தப் பரிசோதனைக்குத் தள்ளின. சர்க்கரை என்று தெரிந்ததும், மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம், காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று எழுதித் தந்தார்கள். வாரத்தில் பாதி நாள் ராகிக் களிதான் சாப்பிடுகிறோம், நமக்கு எப்படி சுகர் என்று அவருக்குப் புரியவேயில்லை. (ராகியும் மாவுச்சத்துதான். உருண்டையின் அளவை யார் பார்க்கிறார்கள்?)

மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு போட வேண்டும் என்று மருந்து தந்த இடத்தில் சொல்லத்தான் செய்தார்கள். பின்னால் நாற்பது பேர் நிற்கும் வரிசையில் அது காதில் விழுந்தால் உண்டு. வீட்டுக்காரர் தினமும் காலையில் வெறும் டீயோடு பிரஷர் மாத்திரை போடுவார். இவரும் அப்படியே போட்டுக்கொண்டு, தூக்குவாளியில் கூழை எடுத்துக்கொண்டு நூறு நாள் வேலைக்குக் கிளம்பினார். கூழைக் குடிக்க மணி பதினொன்றாகும். வயிறு ஒன்பதரைக்கே புரட்ட ஆரம்பித்துவிட்டது.

ஏரிக்குள் வேலை. சுற்றிலும் கருவேல மரங்கள். ஐம்பது பேர் மண் வெட்டும் இடத்தில் ஒரு பெண் எத்தனை முறை ஒதுங்க முடியும்? மூன்றாம் நாள் நான்கு முறை ஓடினார். காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று செல்போனில் எடுக்கும் வருகை போட்டோவில் ஆள் இல்லையென்றால் கூலி போய்விடும். அந்தப் பயம் வேறு. அந்த வாரமே தர்மபுரியில் ஒரு கல்யாணம். பட்டுப்புடவை கட்டி பஸ் ஏறியவர், இண்டூர் வருவதற்குள் வியர்த்து, பாதி வழியில் இறங்கி, தெரியாத ஒரு வீட்டின் கதவைத் தட்டினார். அங்கிருந்து அடுத்த பஸ்ஸில் வீடு திரும்பியவர், கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்ட தங்கையிடம் தலைவலி என்று சொன்னார். அன்றைக்குத்தான் மாத்திரைகள் கடுகு டப்பாவுக்குப் பின்னால் போயின.

இதை எப்படி வெளியே சொல்வது? மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டர், “மாத்திரை ஒழுங்கா போடறீங்களாம்மா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. “போடறேங்க.” சர்க்கரை குறையவில்லையே என்று பார்த்த அவர், மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினார். போடாத மாத்திரைக்கு டோஸ் கூடியது! யாராவது பயமுறுத்தி, கூட்டிய டோஸை அவர் ஒரே நாளில் போடத் தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

திண்ணைக்கு வருவோம். 312-ஐப் பார்த்த அந்தப் பெண் திட்டவில்லை. குரலைத் தாழ்த்தி, “மாத்திரை போட்டா உடம்புக்கு என்ன பண்ணுது அத்தை?” என்றார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. ஐந்து நிமிஷத்தில் ஏரி, இண்டூர், பட்டுப்புடவை எல்லாம் வெளியே வந்தன. “எங்க மாமியாருக்கும் இதே கதைதான். டாக்டர்கிட்ட இதைச் சொல்லலாம், வெக்கமில்ல” என்று அவரே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனார்.

மெட்ஃபார்மின் ஒன்றும் புது மருந்தல்ல. ஐரோப்பாவில் நாட்டு வைத்தியத்தில் பயன்பட்ட ஒரு செடியின் வேதிப்பொருளிலிருந்து தொடங்கிய வரலாறு அதற்கு. 1957-ல் பிரான்ஸ் மருத்துவர் ழான் ஸ்டெர்ன் இதை மனிதர்களுக்குத் தந்து பார்த்த முடிவுகளை வெளியிட்டார். கல்லீரல் தேவைக்கு மேல் சர்க்கரையைக் கொட்டுவதை இது குறைக்கிறது. சிக்கல் குடலில். ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு மருந்து குடல் சுவரில் சேர்கிறது. அதனால் ஆரம்பத்தில் பேதி, குமட்டல், வயிற்று உப்புசம், வாயில் இரும்பு போல ஒரு சுவை. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் குடல் பழகிவிடும். அதுவரை தாக்குப்பிடிக்க வழி சொல்லாமல் அட்டையை மட்டும் கையில் கொடுத்தால், அது அலமாரிக்குத்தான் போகும்.

டாக்டர் கணக்கை முதலிலிருந்து தொடங்கினார். காலை மாத்திரையே வேண்டாம். இரவு சாப்பாட்டோடு ஒன்று மட்டும், இரண்டு வாரம். வயிறு ஒத்துக்கொண்டால் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொன்று. அப்படியும் முடியவில்லையென்றால், மெதுவாகக் கரையும் எஸ்.ஆர். வகை இருக்கிறது, அதை மட்டும் உடைக்காமல், மெல்லாமல் விழுங்க வேண்டும். நிற்காத வாந்தி பேதியோ, தண்ணீர்கூடக் குடிக்க முடியாத காய்ச்சலோ வந்தால் பொறுத்துப் பார்க்கக் கூடாது, உடனே வந்துவிட வேண்டும் என்றார். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ரத்தமும் எடுத்தார்கள். வருஷக் கணக்கில் போடும்போது பி12 சத்து குறையலாம், கால் மரத்துப்போனால் சுகர்தான் என்று விட்டுவிடாமல் சொல்லுங்கள் என்றும் சொன்னார்.

முதல் வாரம் சுலபமாக இல்லை. விடியற்காலையில் இரண்டு முறை எழ வேண்டியிருந்தது. ஆனால் அது வீடு, ஏரி இல்லை. கீரைக் கடைசல்கூட ஆணியை நக்குவது போல இருந்தது. புளி கொஞ்சம் தூக்கலாகப் போட்டுப் பார்த்தார். பத்தாம் நாள் வயிறு அமைதியானது. மறுபடி நின்றுபோகுமோ என்று தன்னார்வலர் நாலு நாளைக்கு ஒருமுறை எட்டிப்பார்த்தார். காலை மாத்திரை சேர்ந்தபோது மீண்டும் மூன்று நாள் தொல்லை. கூழை ஏரிக்கு எடுத்துப் போகாமல் எட்டு மணிக்கே வீட்டில் குடித்துவிட்டு மாத்திரை போட ஆரம்பித்தார். பதினொரு மணிப் பசிக்கு இப்போது ஒரு பிடி வேர்க்கடலை. வீட்டுக்காரருக்குத்தான் கொஞ்சம் வருத்தம். எட்டு மணிக்குள் அடுப்பு வேலையை முடிக்க, தண்ணீர் பிடிப்பது அவர் தலையில் விழுந்தது.

மூன்று மாதம் கழித்து சாப்பாட்டுக்கு முன் எடுத்த சர்க்கரை 138. இன்னும் குறைய வேண்டும் என்றார்கள். காலில் இருந்த காயம் காய்ந்துவிட்டது.

போன மாதம் தங்கை வீட்டில் காதுகுத்து. அதே பட்டுப்புடவையில் தர்மபுரி பஸ் ஏறினார். இண்டூரில் பஸ் நின்றது. அவர் இறங்கவில்லை. ஆனாலும் படிக்கட்டுக்குப் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்திருந்தார்.