இல்லாதவர்க்கு எதற்கையா சட்டம்?

ஈரான் நாட்டின் ஷிராஸ் நகரிலே ஷா செராக் என்றொரு சமாதி மண்டபம். சுவரென்றும் கூரையென்றும் வேற்றுமையின்றி எங்கும் கண்ணாடிச் சில்லுகள். ‘ஆயினே காரி’ என்பது அக்கலையின் பெயர். ஐரோப்பாவினின்று வந்த கண்ணாடிகள் வழியிலே உடைய, உடைந்தவற்றை எறியாது சுவரில் இழைத்தனர் கைவினைஞர் என்பர். அதன் படங்களைக் காணுந்தோறும் நாம் வியப்பதுண்டு: அரசனே வந்து நின்றாலும் அவன் முகமும் ஆயிரம் துண்டன்றோ!

அக்கலையை இக்காலக் கலைக்கூடங்களுக்குக் கொணர்ந்தவர், 2019-இல் மறைந்த மோனிர் ஷாரூதி ஃபர்மான்ஃபர்மாயன் என்னும் பெண்மணி. இன்று, தன்பாலீர்ப்புடைய ஈரானிய வழித்தோன்றல்கள் சிலரும் அயல்நாடுகளிலே கண்ணாடி கொண்டு கலை படைக்கின்றனர். ஏன் கண்ணாடி? எதிரே நிற்பவரை ‘இல்லை’ என்று அது சொல்லாது!

சொன்னவர் உண்டு. 2007-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மேடையிலே, அன்றைய ஈரான் அதிபர் அகமதிநெஜாத், உங்கள் நாட்டில் இருப்பதுபோல் எங்கள் நாட்டில் தன்பாலீர்ப்பினர் இல்லை என்றார். இல்லாதவர்க்கு எதற்கையா சட்டம்? பெண்ணைப் பெண் கூடினால் 100 கசையடி, ஆணை ஆண் கூடினால் தூக்குவரை தண்டனை என்கிறதே 2013-ஆம் ஆண்டுச் சட்டம்!

மரபுக்கு ஒவ்வாதது என்பர் மதவாதிகள். மரபையே கேட்போம். முதலாம் ஷா அப்பாஸ் மன்னன், மதுவேந்தும் இளைஞனை அணைத்திருக்கும் ஓவியத்தை முகம்மது காசிம் 1627-இல் தீட்டினார். பாரிசின் லூவர் காட்சியகத்தில் அது உள்ளது. ஐரோப்பியர் பார்வைக்கு நாணியே ஈரானின் நவீனர் ஆண்பால் காதலை மறைக்கலாயினர் என்று வரலாற்றறிஞர் அஃப்சானே நஜ்மாபாதி 2005-இல் எழுதிய நூலில் காட்டினார். அயலிலிருந்து வந்தது காதலன்று, கூச்சமே!

ஆயினும் தோழர்களே, பாட்டன் செய்தான் என்பதா உரிமைக்குச் சான்று? அவ்வோவியத்தில் ஒருவன் வேந்தன், மற்றவன் ஏவலாள். அஃது ஒத்தார் காதலன்று, போற்றவும் தக்கதன்று. பழமையைக் காட்டிப் பழமைவாதியின் பொய்யை உடைப்போம். உரிமையையோ பகுத்தறிவின்மீது நாட்டுவோம். வயதுவந்த இருவர் மனமொப்பி வாழ்ந்தால் யாருக்கு என்ன கேடு? இக்கேள்விக்கு விடை கூறாமல் கயிற்றைக் காட்டுவோர், வாதத்தில் தோற்றவரே.

வகுப்பறையில் வரலாறு சொல்லும் நாம் இதனையும் சொல்லுவோம். நம் எதிரே அமர்ந்திருக்கும் மாணவருள் ஒருவர், தாம் தனியரல்லர் என்று அன்றேனும் அறியட்டும்.