குரங்கணியில் கூடாரம் போட்டோம்!

கூடாரம், ஜமக்காளம், புளியோதரை, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், இரண்டு வாண்டுகள் எல்லாவற்றையும் காரில் அடைத்துக்கொண்டு, மாசி மாதம் மதுரையிலிருந்து தேனி, போடி வழியாகக் குரங்கணி போனோம். போடி கடைவீதியில் ஏலக்காய் மணம் ஆளைத் தூக்கியது. பிறகு மாந்தோப்புகள், இலவ மரங்கள். அப்புறம் எதிரே சுவர் மாதிரி மலை. அதன் உச்சியில் டாப் ஸ்டேஷன். வெள்ளைக்காரன் காலத்தில் மூணாறுத் தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து கம்பிக் கயிற்றில் தொங்கிக்கொண்டே இறங்கினவாம். "நாமளும் அப்படியே இறங்கலாமா?" என்றான் சின்னவன்!

ஊருக்குள் ஓர் அம்மாள் தன் வீட்டு முற்றத்தில் கூடாரம் போட இடம் கொடுத்தார். பெரியவள் சுள்ளி பொறுக்கி வந்து, "கேம்ப் ஃபயர் போடலாம்மா" என்றாள். எனக்கும் ஆசைதான். அந்த அம்மாள் ஓடி வந்தார்.

"வேணாம் தாயி. புல்லு காஞ்சு கெடக்கு."

2018 மார்ச் 11 சட்டென்று நினைவுக்கு வந்தது. கொழுக்குமலையிலிருந்து இறங்கியவர்கள் காட்டுத் தீயில் சிக்கி, 20 பேருக்கு மேல் இறந்தார்களே! அதில் எத்தனை இளம் பெண்கள்.

"டோலி கட்டித் தூக்கிட்டு வந்தது எங்க ஊர் ஆளுகளும்தான்" என்றார், மலையைப் பார்த்தபடி.

மகள் எதுவும் பேசாமல் சுள்ளிகளை அவர் கையில் கொடுத்தாள். அவர் வீட்டு அடுப்பில் அதை வைத்தே மிளகு ரசம் கொதித்தது. குழந்தைகள் இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தார்கள்.