தாழ்ந்த வண்டியும் தரை உரசிய குழாயும்

இலக்கணமும் தேர்வுப் பயிற்சியும் எழுதிவரும் இப்பக்கத்தில் இன்று எக்ஸோஸ் குழாயைப் பற்றி எழுதுகிறேன். தமிழாசிரியனுக்கு ஏன் இந்த வேலை என்று எண்ணாமல் பொறுத்தருள்க.

என்னிடம் இருப்பது பழைய புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ. 1.8 லிட்டர் இயந்திரம் கொண்ட மகிழுந்து. லோட்டஸ் நிறுவனத்தார் அதன் ஓட்டத்தைச் செம்மைப்படுத்தினர் என்பதில் எனக்கு இன்றும் ஒரு பெருமை. முன்பு வைத்திருந்தவர் ஸ்பிரிங்குகளை மாற்றி வண்டியைத் தாழ்த்தியிருந்தார். அத்தோற்றம் எனக்கும் பிடித்திருந்தது. பள்ளி வாசலில் உள்ள வேகத்தடைக்குத்தான் பிடிக்கவில்லை. நாள்தோறும் குழாய் அதில் உரசும். "சார் வந்துட்டாரு" என்று ஆறாம் ஆண்டு மாணவர்கள் அவ்வொலியைக் கேட்டே நூல்களைத் திறப்பார்கள்.

ஒரு நாள் பின்னிருக்கையில் இருந்த மகள் தலை வலிக்கிறது என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள். பள்ளிக்கு வர மனமில்லாத பிள்ளையின் சாக்கு என்றெண்ணி அதட்டிவிட்டேன். மூன்றாம் நாள்தான் புகை நாற்றம் எனக்கு எட்டியது. நடுக்குழாயின் இணைப்பு உரசி உரசி வெடித்திருந்தது. வாகனப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற நச்சு என்பது நான் அறியாததன்று. அறிந்திருந்தும் அதட்டினேன்.

அப்படியிருந்தும் பட்டறையில் ஆசை விடவில்லை. இரண்டரை அங்குலக் குழாயும் அகன்ற வாயுள்ள மஃப்ளரும் கேட்டேன். பட்டறை அண்ணன் சிரித்தார்.

"சார், ஒங்களுக்குச் சத்தம் வேணுமா, வண்டி இழுக்கணுமா? மொதல்ல அதச் சொல்லுங்க."

டர்போ இல்லாத இந்த இயந்திரத்திற்கு இரண்டு அங்குலமே போதும் என்றார். குழாய் அளவுக்கு மீறி அகன்றால் புகையோட்டம் வேகமிழக்கும். குறைந்த சுழற்சியில் இழுவை குன்றும். சாலைப் போக்குவரத்துத் துறையினர் நிறுத்தினால் என்னாகும் என்பதை அவர் சொல்லவில்லை, எனக்கே தெரியும்.

பிறகு வண்டியைத் தூக்கி அடிப்பகுதியைக் காட்டினார். மிகத் தாழ்ந்திருந்தது குழாயன்று, இணைப்புத் தகட்டின் போல்ட்டுகள்! அவற்றைப் பக்கவாட்டில் திருப்பினார். அவ்விடத்தில் நீள்வட்டக் குழாயைப் பற்றவைத்தார். புகை செல்லும் பரப்பு அதேதான், உயரம் மட்டும் குறைவு. உருண்ட ரெசனேட்டருக்கு மாற்றாகத் தட்டையான ஒன்று. தொங்கவிடும் ரப்பர்கள் தளர்ந்திருந்தால் எல்லாமே வீண் என்று அவற்றையும் மாற்றினார். வீட்டிற்கும் பள்ளிக்கும் குறுகிய தூரம் என்பதால் மஃப்ளர் சூடேறி உலராது, உள்ளே நீர் தங்கித் துருவேறும். ஆகவே விலை கூடினாலும் துருப்பிடிக்காத எஃகையே தேர்ந்தேன். வண்டியைச் சற்று உயர்த்தவும் சொன்னார். அதற்கு மட்டும் நான் இசையவில்லை.

மறுநாள் வேகத்தடையில் ஏறினேன். ஓசையே இல்லை. வகுப்பில் ஒரு நூல்கூடத் திறந்திருக்கவில்லை. மகள் இன்னும் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் வருகிறாள். நான் ஒன்றும் சொல்வதில்லை.