அலமாரியில் இருக்கிறது, திரையில் இல்லை

"அத்தை, அந்த நாவல் எந்த நூலகத்திலும் இல்லை!"

ஈப்போவிலுள்ள என் வீட்டுக்கு வந்திருந்த அண்ணன் மகள் கைப்பேசியை நீட்டினாள். அவள் படிவம் நான்கு மாணவி. தோட்ட வாழ்க்கை பற்றிய இடுபணிக்காக, அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' நாவலைத் தேடிக்கொண்டிருந்தாள். மலேசிய ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றிய நாவல் அது. தேடுபொறி புத்தகக் கடைகளைக் காட்டியது. நூலகம் எதையும் காட்டவில்லை. ஒரு நூலகத்தின் இணையத்தளத்திலேயே தேடினாள். "பதிவு இல்லை" என்று வந்தது.

எனக்கு வியப்பாக இருந்தது. அதே நூலகத்தில்தான் நான் அந்த நாவலை இரவல் வாங்கிப் படித்திருந்தேன்!

காரணம் பிறகுதான் தெரிந்தது. நூலின் பெயர் அங்கே தமிழ் எழுத்தில் இல்லை. ரோமன் எழுத்தில் இருந்தது. நூலகங்கள் பின்பற்றும் ஒலிபெயர்ப்பு முறையில் நெடிலுக்கு மேலே கோடு, டகரத்துக்குக் கீழே புள்ளி, றன்னகரத்துக்குக் கீழே கோடு. துல்லியமான முறைதான். ஆனால், கைப்பேசியில் அப்படித் தட்டச்சு செய்பவர் யார்? நானே செய்யமாட்டேன். தமிழ்த் தலைப்பையும் சேர்க்கும்படி நூலகருக்கு மின்னஞ்சல் அனுப்பினோம்.

தேடுபொறி நூலகத்துக்குள் வந்து அலமாரியைப் பார்ப்பதில்லை. இணைப்புகளின் வழியாகப் பக்கம் பக்கமாகச் சென்று, அங்குள்ள சொற்களைக் குறித்து வைத்துக்கொள்கிறது. நாம் கேட்கும் சொல் பக்கத்தில் இருந்தால் அதை நமக்குக் காட்டும் வாய்ப்பு அதிகம். ஸ்கேன் செய்த பக்கம் நம் கண்ணுக்கு எழுத்து; தேடுபொறிக்குப் பெரும்பாலும் வெறும் படம்.

இலங்கைத் தமிழர்கள் 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் இணைய நூலகத்தைப் பாருங்கள். அங்கே ஒவ்வொரு நூலுக்கும் தனிப்பக்கம் உண்டு. தலைப்பு, ஆசிரியர் முதலிய விவரங்கள் தமிழ் எழுத்திலேயே உள்ளன. பழைய இதழ்கள் பலவற்றுக்கு உள்ளடக்கத்தையும் தட்டச்சு செய்து சேர்த்திருக்கிறார்கள். ஆகவே, ஒரு கட்டுரையின் தலைப்பைத் தேடினாலே இதழ் அகப்பட்டுவிடுகிறது. இதற்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை; பொறுமைதான் வேண்டும்.

அன்றிரவு அவள், தன் தாத்தா பால்மரம் சீவிய தோட்டத்தைத் தேடினாள். சுங்கை சிப்புட் அருகே இருந்த அந்தத் தோட்டத்தில் இப்போது செம்பனைதான் நிற்கிறது, லயங்கள் இல்லை. அதற்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் ஒன்று; நம் மக்கள் அழைத்த பெயர் வேறு. அவளுக்குத் தெரிந்தது இரண்டாவது பெயர் மட்டுமே. ஒன்றும் கிடைக்கவில்லை.

என்னிடம் அந்தத் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் ஆண்டு மலர் ஒன்று இருந்தது. அதை ஸ்கேன் செய்து நூலகத்துக்குக் கொடுக்க முடிவு செய்தோம். நான் கோப்புக்கு 'ஸ்கேன் 01' என்று பெயரிட்டேன். இத்தனை விளக்கம் சொன்ன பிறகும் பழக்கம் போகவில்லை! அவள் சிரித்துக்கொண்டே அதை அழித்தாள். பள்ளியின் பெயர், மலர் வெளிவந்த ஆண்டு, தோட்டத்தின் இரண்டு பெயர்கள் ஆகியவற்றைத் தமிழிலும் ரோமன் எழுத்திலும் தட்டச்சு செய்தாள். பிறகு கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"பாட்டியைக் கேட்போமா, அத்தை?"

அம்மாவுக்கு அழைத்தோம். அவர் மூன்றாவதாக ஒரு பெயரைச் சொன்னார்.